ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? – ஒரு மருத்துவரின் கருத்து



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். துறைமுகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பரிசோதனை முடிந்த பின்னும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். கேட்டபோது, தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகன் வணிகக் கப்பலில் பொறியாளர். ஒன்பது மாதப் பணி முடித்து விடுப்பில் வந்திருக்கிறார். சேர்த்து வைத்த பணத்தில், பெங்களூரில் விற்பனைக்கு வந்துள்ள, ஒருவர் ஓட்டிப் பழகிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க விரும்புகிறார். “நான் சொன்னா கேக்க மாட்டான் டாக்டர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் பெரியவர்.

வெளியே காத்திருந்த மகனை உள்ளே அழைத்தேன். மரியாதையும் அமைதியும் நிறைந்த இளைஞர். “எங்க கப்பல் 13 நாட் வேகத்தில போகும் சார். மணிக்கு 24 கிலோமீட்டர்தான். ஒன்பது மாசம் அந்த வேகத்திலேயே இருந்துட்டு வர்றேன். ஒரு நல்ல காரை ஓட்டிப் பாக்கணும்னு ஆசைப்படுறது தப்பா?” என்று கேட்டார்.

எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எவருக்கும் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: “வேண்டாம்.” ஆனால் அந்த இளைஞர் கேட்டது நியாயமான கேள்வி. காரணம் கூறாத மறுப்பு எந்த வீட்டிலும் நெடுநாள் நிற்பதில்லை. அன்று அவரிடம் கூறியவற்றையும், நேரமின்மையால் கூறாமல் விட்டவற்றையும் இங்கு எழுதுகிறேன். இதே பேச்சு வேறு பல வீடுகளிலும் நடந்துகொண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

நன்மைகள்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சிறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பது வெறும் ஆடம்பரப் பொருள் அன்று. பொறியியல் திறமையின் விளைவு. தாழ்ந்த உடலமைப்பும் அகன்ற டயர்களும் வளைவுகளில் அதைச் சாலையோடு ஒட்டி நிற்கச் செய்கின்றன. அதன் பிரேக்குகள் சாதாரணக் கார்களின் பிரேக்குகளை விட வலிமையானவை. பந்தயக் களத்தில் சோதிக்கப்பட்ட பல கருவிகள் பின்னர் பொதுமக்களின் கார்களுக்கும் வந்து சேர்ந்தன. 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் காரில் பொருத்தப்பட்டிருந்த டிஸ்க் பிரேக், இன்று நம் ஊர் இருசக்கர வாகனங்களிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் நல்ல மரபு உண்டு. சென்னைக்கு அருகில் சோழவரத்து விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அவரைத் தொடர்ந்தார். நடிகர் அஜித்குமார் நடுவயதைத் தாண்டிய பின்னும் முறையான பயிற்சியோடு பந்தயங்களில் ஈடுபட்டு வருகிறார். நம் மாவட்டத்திலும் சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற ஊர், கார் செய்யும் ஊராகவும் ஆகியிருக்கிறது. இங்கு பிறந்த இளைஞர் ஒருவர் கார்களை நேசிப்பதில் வியப்பில்லை.

மகிழ்ச்சியும் நன்மைகளில் ஒன்றே. மாதக்கணக்கில் இயந்திர அறையின் வெப்பத்திலும் இரைச்சலிலும் உழைத்தவர், தம் உழைப்பின் பயனைத் தாமே துய்க்க விரும்புவது இயல்பு. மனநிறைவும் உடல்நலத்தின் ஒரு பகுதி என்று நாள்தோறும் நோயாளிகளுக்குச் சொல்லும் நாங்கள், அதனை ஒரு காருக்கு மட்டும் மறுப்பது முறையாகாது.

செலவும் சிரமமும்

இனி மறுபக்கம். வெளிநாட்டில் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டு இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கு, அவற்றின் மதிப்புக்கு நிகரான தொகை பல ஆண்டுகளாகச் சுங்க வரியாக விதிக்கப்பட்டு வந்தது. அதனால் பிற நாடுகளில் நடுத்தர விலைக்குக் கிடைக்கும் கார் இங்கு ஒரு வீட்டின் விலையை எட்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2023இல் திருத்தப்பட்ட விகிதப்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க் காருக்கு அது மட்டுமே 20 லட்சம். பழைய காராக வாங்கினால் விலை குறையும். ஆனால் உதிரிபாகங்களின் விலை குறையாது. பழுது நேர்ந்தால் காரைச் சென்னைக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

கடற்கரை ஊருக்கென்று தனித் தொல்லைகளும் உள்ளன. உப்புக் காற்று இரும்பை அரிப்பதை நம் வீட்டு ஜன்னல் கம்பிகளே காட்டும். ஆண்டில் ஒன்பது மாதம் கடலில் இருப்பவரின் கார் அத்தனை நாளும் கொட்டகையில் அசையாமல் நிற்கும். பேட்டரி இறங்கும், எரிபொருள் கெடும், ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர்கள் உருக்குலையும். அதை அவ்வப்போது எடுத்து ஓட்டிவைக்கும் பொறுப்பு யாருடையது? அறுவை சிகிச்சை செய்துகொண்ட தந்தையுடையதா?

நம் சாலைகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் கழகத்தின் நெறிமுறைப்படி ஒரு வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். பல ஊர்களில் மக்களே போட்டுக்கொண்ட தடைகள் அதைவிட உயரமானவை. ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியோ பெரும்பாலும் 10 முதல் 13 சென்டிமீட்டர்தான். மேல்தளம் இல்லாத சரக்குப் படகை அலையில் செலுத்துவது போல, ஒவ்வொரு தடையிலும் நெஞ்சு பதைக்க ஓட்ட வேண்டியிருக்கும்.

மருத்துவர் என்ற முறையில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இத்தகைய கார்களின் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், இடுப்பு வலியும் முதுகுத் தண்டுத் தேய்மானமும் உள்ளவர்கள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து எழுவதைத் தவிர்க்குமாறு நாங்கள் அறிவுறுத்துகிறோம். அந்தப் பெரியவரால் மகன் வாங்கும் காரில் ஏறி அமரவே இயலாது. பெற்றோர் இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டிய நாளில், இரண்டே இருக்கைகள் கொண்ட கார் உதவாது. குடும்பத்தில் ஒரே கார்தான் இருக்கும் என்றால் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேகத்தின் கணக்கு

இதுவரை கூறியவை பணமும் வசதியும் சார்ந்தவை. பணம் உள்ளவர் செலவு செய்யலாம். முதுகு நன்றாக உள்ளவர் குனிந்து ஏறலாம். வேகத்தின் கணக்கை எவராலும் மாற்ற முடியாது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர். 140இல் 39 மீட்டர். குறுக்கே ஓர் ஆடு வந்தால், அதைக் கண்டு, உணர்ந்து, காலை பிரேக்குக்குக் கொண்டு செல்ல ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். கார் எவ்வளவு சிறந்ததாயினும் அந்த ஒன்றரை நொடி ஓட்டுபவரின் மூளைக்கும் நரம்புக்கும் உரியது; அதை எந்த நிறுவனமும் குறைத்துத் தர இயலாது. அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. நல்ல உலர்ந்த சாலையில், 50இல் சென்ற கார் சுமார் 35 மீட்டரில் நின்றுவிடும். 100இல் சென்ற கார் நிற்க ஏறத்தாழ 100 மீட்டர் தேவை. 140இல் 160 மீட்டருக்கு மேல்.

மோதலின் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் தாக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. 100இல் மோதுவது பதின்மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. இருக்கை வார்ப்பட்டையும் காற்றுப் பையும் இந்தத் தாக்கத்தைக் குறைக்கும்; இல்லாமற் செய்யா. எலும்பை நாங்கள் தகடு வைத்துச் சேர்க்கலாம். தண்டுவட நரம்பு அறுந்தால் அதைச் சேர்க்கும் வித்தை இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களிடையே முதலிடம் பெற்றது தமிழ்நாடு. இவ்விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண வண்டிகளால் நேர்ந்தவையே. சாதாரண வண்டியின் வேகத்தையே ஆள முடியாத சாலையில், அதைவிட இருமடங்கு வேகம் கொண்ட வண்டியை என்ன செய்வது என்பதே என் கேள்வி.

நம் உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ இதே கேள்வியை எழுப்பியது. காஞ்சிபுரத்தில் 2013இல் நேர்ந்த விபத்தில் 90 விழுக்காடு ஊனமுற்ற பல் மருத்துவர் ஒருவரின் வழக்கில், இழப்பீட்டை 18 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்திய சென்னை உயர் நீதிமன்றம், வாகனங்களின் உச்ச வேக வரம்பை உயர்த்திய 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையையும் 2021இல் ரத்து செய்தது. இயந்திரத் தொழில்நுட்பமும் சாலைகளும் மேம்பட்டுவிட்டன என்பது அரசுத் தரப்பின் வாதம். விதிகளைப் பின்பற்றும் பழக்கம் மேம்படவில்லையே என்பது நீதிமன்றத்தின் விடை. ஒன்றரைக் கோடி ரூபாய் அந்த மருத்துவருக்கு இழந்த வாழ்வைத் திருப்பித் தராது என்பதைப் படுக்கையருகே அமர்ந்து இவ்விதழைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கயிற்றைப் பிடிப்பவர்

அந்த இளைஞர் இங்கே குறுக்கிட்டுக் கேட்டார்: “பந்தயத்துல 250, 300னு போறாங்களே சார், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” நல்ல கேள்வி. 2005இல் சீனாவின் ஷாங்காய் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயனின் கார் சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் காயமின்றித் தப்பினார். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்குமாரின் காரும் தடுப்பில் மோதியது, அவருக்கும் காயமில்லை. சில நாள்களில் அவருடைய அணி அதே பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

இதன் காரணத்தை நம் கடற்கரையிலேயே காணலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் எவரும் தனியாகக் கடலில் இறங்கியதில்லை. கல்லின் பாரத்தால் ஆழத்துக்குச் செல்பவரின் கயிற்றை மேலே படகில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்த கணத்தில் அவர் இழுத்து மேலேற்ற வேண்டும். ஒரே மூச்சில் நிகழும் அந்த வேலையில் உயிர் இருந்தது மூழ்கியவரின் நெஞ்சில் மட்டுமன்று, மேலே இருப்பவரின் கையிலும்தான். தங்கையின் தாலியை எண்ணிக் கவனமாக இருப்பான் என்பதால் மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பர் என்று கடற்கரைப் பெரியோர் சொல்வதுண்டு. முத்துச் சிப்பி போதிய வளர்ச்சி பெறவில்லை என்று ஆய்வில் தெரிந்தால் அவ்வாண்டு குளிப்பே நடவாது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆபத்தான தொழில்தான், ஆயினும் காலமும் இடமும் துணையும் வகுத்துச் செய்த தொழில்.

பந்தயத்தடத்திலும் கயிற்றைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கு எதிரே வண்டி வராது; குறுக்கே எவரும் நடக்கமாட்டார். வளைவுகளில் சறுக்கி நிற்க வெற்றிடமும் மோதினால் தாங்கும் தடுப்பும் உண்டு. ஓட்டுபவர் தலைக்கவசமும் தீத்தாங்கும் உடையும் அணிந்திருப்பார். கொடி காட்டுபவரும் மருத்துவரும் ஆம்புலன்சும் அருகிலேயே இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கு இருக்கும் ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து, ஒப்புக்கொண்டு வந்தவர்.

நம் ஊர்ச் சாலையில் கயிற்றைப் பிடிப்பவர் யார்? விடியற்காலையில் சாலை வெறிச்சோடி இருக்கும், அப்போது ஓட்டிப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். வெயிலுக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, வீட்டை விட்டுப் புறப்படுவதும் அந்த இருட்டு நேரத்தில்தான். ஏலத்துக்கு மீன் கொண்டு செல்பவரும், துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகளும் அதே சாலையில்தான். பின்விளக்கில்லாத சைக்கிளில் செல்லும் ஒரு பெண், தம்மை நோக்கி நொடிக்கு 39 மீட்டர் வேகத்தில் ஒரு கார் வருவதை அறியமாட்டார்; அதற்கு ஒப்புதலும் தரவில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் இன்பம் முழுவதும் ஓட்டுபவருக்கு. ஆபத்தில் பாதி இவருக்கு. இந்தப் பங்கீடு நியாயமற்றது என்பதே இப்பொருளில் என் உறுதியான கருத்து.

2024 மே மாதம் புனே நகரில் விலையுயர்ந்த கார் ஒன்று மோதி, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். அதை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். அன்று பாதிக்கப்பட்டவை இரண்டு குடும்பங்கள் மட்டுமல்ல. சிறுவரின் குடும்பமும்தான்.

நான் சொன்னது

ஆகவே அந்த இளைஞரிடம் இவ்வாறு கூறினேன்: “தம்பி, வேகத்தை விரும்புங்கள், அதற்கு உரிய இடத்தில் விரும்புங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகில் செட்டிப்பாளையத்திலும் பந்தயத்தடங்கள் உள்ளன. முறையான பயிற்சி பெற்று, ஒரு நாள் அங்கு ஓட்டிப் பாருங்கள். காரின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். காரின் முழு ஆற்றலும் அங்குதான் தெரியும். சாலையில் அந்த ஆற்றலில் பாதியைக் கூட முறையாகப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தாத ஆற்றலுக்குப் பணம் கொடுப்பது வீண். முறையின்றிப் பயன்படுத்துவது அதைவிடக் கேடு.”

அதற்குப் பின்னும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சாவி எப்போதும் உங்களிடமே இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ நேரும் சேதத்தைப் பொதுவான காப்பீட்டுப் பத்திரம் ஈடு செய்யாது. வார்ப்பட்டையைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அணியட்டும். மது அருந்திய இரவில் சாவியை வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சத்தம் கூடுவதற்காகச் சைலன்சரை மாற்றாதீர்கள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உள்ளே உறங்க முயல்பவர் உங்கள் தாயாகவும் இருக்கலாம்.

வண்டி எதுவாயினும், விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள், அஞ்சாமல் உதவுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரை அதே சட்டம் வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பணத்தை எண்ணி எவரும் தயங்க வேண்டாம்.

பெரியவர் அடுத்த மறுபரிசோதனைக்குப் பேருந்தில் வந்தார். நடை நன்றாகத் தேறியிருந்தது. மகன் மீண்டும் கப்பலேறிவிட்டாராம். “காரு வாங்கலை டாக்டர். வாங்க மாட்டேன்னும் சொல்லலை. அடுத்த தடவை வரும்போது கோயம்புத்தூர் போய் ஓட்டிப் பாத்துட்டுத்தான் முடிவுன்னான்” என்றார். அவர் முகத்தில் முழு நிம்மதி இல்லை. முன்பிருந்த கலக்கமும் இல்லை. தந்தையும் மகனும் அதைப் பற்றி இப்போது பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால், கோபமின்றி அமர்ந்து பேசுங்கள். இதை வீட்டுக் கூடத்தில் பேசி முடிப்பதே நல்லது. அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் பேச நேரக் கூடாது.